தோல் போர்த்திய குட்டி

ஏப்ரல் மாதத்து இங்கிலாந்து யார்க்ஷயர் வெயில், சூடில்லாமல் கொட்டிலுக்குள் விழுகிறது. இந்த ஆட்டுக்குச் செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, தாய் செத்த இன்னொரு குட்டிக்குச் சட்டையாக மாட்டியிருக்கிறேன். தன் குட்டி என்று நம்பி ஆடு பால் கொடுத்தால்தான் இது பிழைக்கும். நாட்டுப்புறத்தையும் ஆடுகளையும் பற்றிப் புத்தகம் எழுதி டிவியிலும் பேசுகிற டன்ஸ்டன், படம்பிடிக்க வந்த இடத்தில் அதைத் தூக்கிக் கொஞ்சிவிட்டார். ஆடு மோந்து பார்க்கிறது, முட்டித் தள்ளுகிறது.

"கையில என்னய்யா பூசியிருக்க?"

"வாசனை சோப்பு, பெரியவரே."

"ஆட்டைப் பத்தி ஆறு புத்தகம்! ஆடு மோந்துதான் புள்ளைய அறியும்னு ஒண்ணுலகூட இல்லியா?"

"இருக்கு. நான்தான் எழுதுனேன்."

சொல்லிவிட்டு மண்டியிடுகிறார். வைக்கோலில் கிடக்கிற ஆட்டின் நஞ்சுக்கொடியை இரண்டு கையாலும் அள்ளி, குட்டியின் தலை முதல் வால் வரை தேய்க்கிறார். கோட்டெல்லாம் ரத்தம். ஆடு மறுபடி மோந்து பார்க்கிறது, வெகுநேரம். பிறகு நக்குகிறது. குட்டி மடியைத் தேடிப் பிடித்து, வாலை ஆட்டுகிறது. டன்ஸ்டன் முழங்கையில் முகத்தைப் புதைத்து விம்முகிறார். கேமராக்காரர்கள் ஆடு முட்டித் தள்ளியபோதே டீ குடிக்கப் போய்விட்டார்கள். இங்கே நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், என்னையும் அவர் பார்க்கவில்லை. பிறகு யாருக்காக அழுகிறார் இந்த மனிதர்?