நடுத்துண்டு

"மூணு துண்டையும் ஒட்டிக் குடு கண்ணு. நடுவுல எங்கியும் நிக்கப்படாது," என்றார் மிளகு வியாபாரி சசிகுமார்.

டிவியில் வந்த அவருடைய பேட்டியைப் பதிவுப் பெட்டி மூன்று துண்டாக்கி வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் முதல் துண்டோடு திக்கி நின்றது.

"அவ்வளவு அவசரமுங்களா?" என்றாள் செம்மேட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தாரணி.

"நாளைக்கு நாட்டுக் கூட்டத்துல பஞ்சாயத்து. என் தோட்டத்தத் தன்னுதுன்னு அண்ணாமலை பிராது குடுத்திருக்கான். இதைப் பாத்தா அவன் வாயே தொறக்கமாட்டான்."

மறுநாள் கோயில் வாசலில் ஊரே பார்க்க, தாரணி போட்ட படம் தடங்கலில்லாமல் ஓடியது.

"இது என் தோட்டமுங்க," என்று திரையில் மிளகுக் கொடியைத் தடவிச் சிரித்தார் சசிகுமார். அண்ணாமலை தலைகுனிந்தார்.

"இங்க காட்டு மரத்தை வெட்டியிருக்காங்களே, யார் வெட்டியது?" என்றார் நிருபர்.

"ஐயோ, தோட்டம் அண்ணாமலையோடதுங்க. நான் மிளகு வாங்க வந்தவன்."

அன்று பயத்தில் உளறியது சசிகுமாருக்கே மறந்திருந்தது. "நிறுத்து," என்று பாய்ந்தார்.

"நிக்கப்படாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்று தாரணி கையைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணாமலை கண்ணைத் துடைத்தபடி எழுந்து வந்தார். "போதும் சாமி, ஊட்டுக்குப் போலாம் வா," என்று மகளின் தோளைத் தொட்டார்.

"இருங்கப்பா. இன்னும் மூணாவது துண்டு இருக்குது."