காற்றை வெட்டியவள்

கத்தரிக்கோலைச் சும்மா வெட்டினால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். தவமணி அப்படி வெட்டுவதால்தான் தினமும் சண்டை என்று அண்ணனிடம் ஓதி ஓதியே அவளைப் பெட்டியோடு வெளியே அனுப்பியவள் நாத்தனார் சுகந்தி.

இன்று சுகந்தியின் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. அந்தப் பால் பாக்கெட்டை வெட்டிக் குடுங்க" என்றாள் சுகந்தி.

தவமணி கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்தாள். பால் பொங்கியதும் டம்ளர்களோடு எல்லோரும் கூடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கதையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இருந்தாலும் வெறும் காற்றில் ஒரு தடவை வெட்டிப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டுடி மாடியை உங்கண்ணனுக்குக் குடுத்தே?" கூடத்தில் சுகந்தியின் புருஷன் கத்தினான்.

தவமணி சமையலறைக் கதவைச் சாத்தினாள். முக்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்கோலை அகல விரித்தாள்.