தட்டில் மிஞ்சிய இறக்கை

தெருமுனைச் சிக்கன் கடையில், ஒரு குடும்பம் சுற்றி உட்கார்ந்திருந்த மேசை நடுவே, தட்டில் ஒரே ஒரு கோழி இறக்கை மிஞ்சிக் கிடந்தது. அதன் மேல் மசாலா ஆறி இறுகிக்கொண்டிருந்தது.

"என்னை மட்டும் யாரும் எடுக்கலையே, கருகிட்டேனா?" என்று பக்கத்திலிருந்த சாஸ் கிண்ணத்திடம் கேட்டது இறக்கை.

"அதெல்லாம் இல்ல. எல்லார் கண்ணும் உன் மேலதான்," என்றது கிண்ணம். அது எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த பழைய கிண்ணம்.

அப்பா தட்டை மகள் பக்கம் நகர்த்தினார். "எனக்குப் போதும்ப்பா, தம்பிக்குக் கொடுங்க," என்றாள் அவள். தம்பி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "அம்மா சாப்பிடட்டும்," என்றான். அம்மா அதை அப்பா பக்கமே தள்ளிவிட்டாள். ஒவ்வொரு கை நீளும்போதும் இறக்கைக்கு உயிர் வந்தது. தட்டு நகர்ந்ததும் போனது.

"இவ்வளவு பாசமா இருக்காங்க. யாராவது ஒருத்தர் எடுத்துடுவாங்க, இல்ல?"

"அந்தப் பாசத்தை நினைச்சாதான் எனக்குப் பயமா இருக்கு," என்றது கிண்ணம்.

சர்வர் வந்து, "எடுத்துரலாமா சார்?" என்றார். நான்கு தலைகளும் மெதுவாக ஆடின.

குப்பைத் தொட்டியின் மூடி திறந்தபோது, பின்னால் அப்பாவின் குரல் இறக்கைக்குக் கேட்டது.

"இன்னொரு பிளேட் விங்ஸ் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க," என்றன மூன்று குரல்கள் ஒன்றாக.