சாமிக்குக் காரம் ஆகாது

சாமிக்குக் காரம் ஆகாது என்று தெரிந்ததும் அர்த்தநாரி போனை வைத்த கையோடு சமையல்கட்டுக்கு ஓடினார். அங்கே சாயங்காலத்துக் கிச்சடிக்குப் பச்சை மிளகாய் வதங்கிக்கொண்டிருந்தது.

"இது சனத்துக்கு இருக்கட்டுமுங்க. சாமிக்குத் தனியாப் பாலும் பழமும் எடுத்து வெச்சுருங்க" என்றார் சமையல்காரரிடம். மூச்சு வாங்கியது.

வெண்ணந்தூர் நெசவாளர் மண்டபத்தில் அன்று மாலை அர்த்தநாரியின் நான்காவது புத்தகம் வெளியாகிறது. பெயர் 'ஏரிக்கரைக் கோயில்கள்: ஊர் வரலாறும் சமயப் பாடமும்'. முந்தைய மூன்றும் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றை முழுசாகப் படித்தவர்கள் இரண்டே பேர். அவர் ஒருவர், அச்சகத்தில் பிழை திருத்தியவர் இன்னொருவர். பிழை திருத்தியவர் நடுநடுவே தூங்கிவிட்டார் என்பது பிழைகளைப் பார்த்தாலே தெரியும்.

"இதுவும் திரும்பி ஊட்டுக்கு வந்துச்சுன்னா அதோட பேனாவைத் தொடக்கூடாது" என்று மனைவி சாரதாமணி கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அர்த்தநாரிக்கு எழுதாமல் இருக்கத் தெரியாது. சத்தியம் செய்த நாளிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

புத்தகத்தை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வைத்திருக்கும் திருச்செங்கோட்டு முதலாளி மணியன். சற்று முன் போனில் பேசியவர் அவர்தான்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ரிக்கு ஒண்ணு ஒடிசாவுல மாட்டிக்கிச்சு. நான் இப்பவே கெளம்போணும். எனக்குப் பதிலா நம்ம சாமியை அனுப்பி வெக்கறனுங்க. அந்தக் கையால வெளியிட்டுருங்க."

அர்த்தநாரி தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். "சாமியே வாரதுக்கு நாங்க குடுத்து வெச்சிருக்கோணுமுங்க."

"ரொம்பக் கைராசிங்கண்ணா. போன மாசம் புது ரிக்குக்குச் சாமிதான் பொட்டு வெச்சுது. மொத போர்லயே தண்ணி பீச்சி அடிச்சிருச்சு."

"மேடையில ரெண்டு வார்த்தை பேசுவாங்களா?"

மணியன் சிரித்தார். "அது அப்பத்த மனசைப் பொறுத்ததுங்க. சில நாள் வாயே தெறக்காது. தெறந்துச்சுன்னா நிறுத்த முடியாது. காரம் மட்டும் குடுத்துராதீங்க. டிரைவர் கூட்டிட்டு வருவாரு."

சாரதாமணிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "எந்த மடத்துச் சாமின்னு கேட்டீங்களா?"

"அதைப் போயி கேப்பாங்களா? மணியன் ஊட்டுச் சமாச்சாரம். சின்னச் சாமியாவா இருக்கும்?"

உடனே ஓர் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்ற விட்டார். 'மௌன விரதம் பூண்ட மகானின் திருக்கரங்களால்' என்று அறிவித்தது ஆட்டோ. மௌன விரதம் அவராகச் சேர்த்துக்கொண்டது. நாலு புத்தகம் எழுதிய கைக்கு அதுகூட வராதா?

சாயங்காலம் மண்டபம் கொள்ளவில்லை. தறியை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பூரண கும்பம் தயாராக இருந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் சிம்மாசன நாற்காலி மேடைக்கு ஏறியது. சாமி தொட்டுத் தரும் என்று ஆளுக்கொரு புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்கள். புத்தகம் என்றால் ஓடி ஒளியும் பாலசுந்தரம் இரண்டு வாங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புகளை நடத்தும் ஜெயப்பிரியா அர்த்தநாரியின் பக்கத்தில் வந்து நின்றாள். "சாமி தொட்டுக் குடுத்துட்டாப் போதுமுங்க. நம்ம பக்கத்துக் கோயில் வகுப்பு அத்தனைக்கும் இனி இதுதான் பாடப் புத்தகம்."

அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் எழுதிய பக்கங்களைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும் சத்தம் இப்போதே காதில் விழுந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சாவது எதைப் பத்தி எழுதறதா இருக்கறீங்க?" என்றாள் சாரதாமணி, வேறெங்கோ பார்த்தபடி. இத்தனை வருடத்தில் அவள் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை.

பதில் சொல்வதற்குள் வாசலில் மணியனின் கார் வந்து நின்றது. கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டிய கார். மேளம் உச்சத்துக்குப் போனது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மாலையைச் சாரதாமணியின் கையில் திணித்துவிட்டு, வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், அர்த்தநாரி காரின் பின் கதவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மெதுவா எறங்குங்க சாமி" என்ற டிரைவரின் குரலும் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. மேளம் பாதியில் நின்றது. அர்த்தநாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆசி மொழிக்காகக் காத்திருந்தார்.

"டிரைவர் மாமா, எங்கப்பா சொன்ன தாத்தா கீழ உழுந்துட்டாரு, தூக்கி உடுங்க."