முந்நூற்று இரண்டு

காலை எட்டு மணி. ஓட்டலின் விருந்து மண்டபத்தில் ஏமோஸ் கில்லரி வெறும் அரைக்கால் சட்டையோடு வரிசையில் நிற்கிறான். சனிக்கிழமை, ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி நட்சத்திரங்களின் ஆட்டம். அதற்கு முன் எல்லோரையும் மேடையேற்றி எடைபோடுவது இங்கே வழக்கம். கீழே ஆள் தேர்ந்தெடுக்க வந்த தொழில்முறை அணிகளின் ஆட்கள், மடியில் குறிப்பேடுகளோடு. சுவர்ப் படங்களில் தோல் ஹெல்மெட் காலத்திலிருந்து வந்த நட்சத்திர அணிகள் வரிசையாகச் சிரிக்கின்றன. அணிகள் எதிர்பார்க்கும் முந்நூறு பவுண்டுக்கு ஆறு குறைகிறது என்று ஏமோஸ் ஒரு கேலன், அதாவது எட்டு பவுண்டு, தண்ணீரைக் குடித்திருக்கிறான். கால்விரல்களை மடக்கி அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

"டேய், மேல போய் விட்டுடாத. முன் வரிசை நனைஞ்சிரும்," என்கிறான் பின்னால் நிற்கும் பூன்.

"சிரிக்க வைக்காதடா, சத்தியமா முடியல."

அவன் பெயரைக் கூப்பிடவில்லை, எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏறுகிறான்.

"முந்நூத்தி ரெண்டு!"

பேனாக்கள் ஒரே சமயத்தில் கீறுகின்றன. ஒருவர் அவன் கையை விரித்து அளக்கிறார். "திரும்பு," என்கிறார். திரும்புகிறான். கடைசி நாற்காலியில் அப்பா. லூசியானாவிலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டி வந்தவர். சந்தைக்கு முந்தின நாள் கன்றுகளுக்கு உப்புக் கட்டியை நக்கக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடை ஏற்றுகிறவர். கைதட்ட எழுந்தவரின் பார்வை மகனின் உப்பிய வயிற்றில் நிற்கிறது. தட்டாமலே உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொள்கிறார்.