ஓட்டை வாளி

“இது நீங்க வரைஞ்சதுதானே?”

நிதித்துறை அதிகாரி அன்றைய நாளிதழை மேசைமேல் விரித்தார். கேலிச்சித்திரக்காரர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி மாற்றுத் துணி வைத்துக் கொடுத்தனுப்பிய பை அது.

“ஆமா சார்.”

“வாளியில தண்ணி ஊத்தறது யாரு?”

“மந்திரி சார்.”

“அடியில இருக்கற ஓட்டை?”

“புது வரித் திட்டம்.”

அதிகாரி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

“கீழ வாயப் பொளந்துட்டு நிக்கற குண்டன்?”

“பெரிய முதலாளிங்க சார்.”

“காலிக் குடத்தோட வரிசையில நிக்கறவங்க?”

“ஜனங்க.”

“அவங்களுக்குத் தண்ணி?”

“சொட்டு வராது சார்” என்றவர் உடைந்துபோனார். “நான் புள்ளகுட்டிக்காரன் சார். எத்தனை வருஷம் உள்ள போடுவீங்க?”

“உங்கள எதுக்குய்யா உள்ள போடணும்?” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “இந்தத் திட்டத்தால என்ன நடக்கும்னு மந்திரி நாளைக்கு என்கிட்ட விளக்கம் கேக்கறாரு.”

“திட்டத்த எழுதினவரக் கேக்க வேண்டியதுதானே சார்?”

அதிகாரி தாழிட்ட கதவை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

“எழுதினதே நான்தான்யா!”