ஒட்டடைக் குச்சி

மேனேஜர் பிராங்ளினின் மேசைமேல் அந்த நீள ஒட்டடைக் குச்சி, கொலைக் கேஸில் பிடிபட்ட அரிவாள் மாதிரி குறுக்கே கிடந்தது. மேசை போதாமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதால தட்டித் தட்டித்தான் அந்தக் கருவி கோணிப் போகுது. நீங்க பாத்து எழுதிக் குடுங்க, இந்தம்மாவை இன்னையோட நிறுத்திடறேன்" என்றார் டெக்னீஷியன் முத்துவேலிடம்.

முத்துவேலுக்கும் எரிச்சல்தான். அரவேணு பக்கத்தில் மலைச்சரிவிலிருக்கும் இந்த டீ பாக்டரிக்குக் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி ஒரே மாசத்தில் நாலாவது தடவையாக வருகிறான். 'ஒரு கருவியை ஒழுங்கா மாட்டத் தெரியாதா?' என்று அவன் ஆபீசில் ஏச்சு வேறு.

மாடி கூட்டுகிற மரகதத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நான் தொடவே இல்லீங்க சார்! வேலை போச்சுன்னா பாக்டரி குடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவீங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு இந்த மழையில எங்கீங்க போவேன்?"

"அப்ப யாரும்மா தட்டுனது, பேயா? இனி அந்த அபாய மணிப் பக்கமே நீ போகக் கூடாது!" என்றார் பிராங்ளின்.

மாடியில் நூற்றைம்பது அடி நீள ஹால், பறித்த இலையைப் பரப்பி ஃபேன் போட்டு வாட வைக்கிற இடம். அத்தனை பெரிய ஹாலுக்குப் புகையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பெட்டி, பள்ளத்துப் பக்கச் சுவரின் உச்சியில். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி கிளம்பி, எதிர்ச் சுவரிலிருக்கும் கண்ணாடி வில்லையில் பட்டுத் திரும்பும். நடுவே புகை வந்தோ குறி தப்பியோ ஒளி குறைந்தால் மணி அடிக்கும், ஃபேனெல்லாம் நின்றுவிடும்.

புகையே இல்லாமல் நேற்றோடு நாலு தடவை அடித்துத் தொலைத்தது. முதலில் மூடுபனி என்றார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். அடுத்து குருவி என்றார்கள், வலை கட்டினார்கள். அப்புறம் மரகதத்தின் தலையில் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இலை சிவந்து வீணாகி, பிராங்ளினுக்கு முதலாளியிடம் திட்டு.

மூவரும் மாடிக்குக் கிளம்பினார்கள். படிக்கட்டுப் பக்கம், அதே பள்ளத்துப் பக்க மூலை வாசலில் தச்சு வேலை செய்கிற இருளப்பன் கதவைச் சீவிக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை சீவறேனுங்க. மழையில மரம் உப்பிக்கிட்டு சாத்தவே மாட்டேங்குது."

"இங்க ஒண்ணாவது உருப்படியா இருக்குதா!" என்று சலித்துக்கொண்டே படியேறினார் பிராங்ளின்.

முத்துவேல் ஏணியில் ஏறி, பெட்டியிலிருந்த, குறி பார்க்கிற சிவப்பு லேசரைப் போட்டான். புள்ளி எதிரே வில்லைக்கு ஒரு சாண் மேலே விழுந்தது. "போன தடவையும் மேலதான் போயிருந்துச்சு, அதுக்கு முந்தியும் மேலதான். ஒவ்வொரு தடவையும் நான் கீழ இறக்கி வெச்சுட்டுத்தானுங்க போறேன்."

"அதத்தானே சொல்றேன்! இந்தம்மா கீழ இருந்து மேல குத்துது."

முத்துவேல் திருகாணியைப் பார்த்தான். போன தடவை திருகாணியையும் சுவரையும் சேர்த்து அவன் இழுத்திருந்த பேனாக் கோடு முடியளவும் பிசகவில்லை.

"சார், அந்தக் குச்சிய எப்ப புடுங்கி வெச்சீங்க?"

"போன தடவை நீங்க வந்த அன்னிக்கே. ஒம்பது நாளா என் ரூம்லதான் பூட்டிக் கெடக்குது."

"அப்புறம் நேத்து எப்படீங்க அடிச்சுது?"

பிராங்ளின் விடவில்லை. "கையால தட்டியிருக்கும்!"

"பதினெட்டடி உசரத்தையா? நான் என்ன சில்வர் ஓக் மரமாங்க சார்?" என்று வெடித்தாள் மரகதம்.

முத்துவேல் ஏணியிலிருந்தபடியே கீழே குரல் கொடுத்தான். "இருளப்பண்ணே! கதவு எங்க இடிக்குது?"

"மேல் மூலையிலங்க. மூணு தடவையும் அதே மூலைதான்!"

முத்துவேல் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இலை பிரிக்கிற பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க நிக்கிறீங்க? எழுதித் தர்றீங்களா இல்லையா? யார் தட்டிப் பெட்டி நகர்ந்துச்சு?"

முத்துவேல் ஏணியிலிருந்து சரசரவென்று இறங்கினான். "பெட்டி நகரவே இல்லீங்க சார். செவுருதான் பள்ளத்துப் பக்கம் சாயுது!"

பிராங்ளின் வாயைத் திறக்குமுன் அவன் திரும்பிக் கத்தினான்.

"மரகதக்கா, ஓடிப் போயி மணிய அடிங்க!"